பாய்மரம் ஏறும்போது பக்கவாட்டில் சரிகிறதா? கீலின் அச்சுக்கோட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் சிறிய பாய்மரப் படகுகளில், தண்ணீரில் இறக்கும் ஒவ்வொரு முறையும் பாய்மரத்தை நிமிர்த்தியாக வேண்டும். அடியில் ஒரு கீல், முன்பக்கம் இழுப்பதற்கு ஜின் போல் எனப்படும் தூக்குக்கழி, சாயாமல் பிடித்துக்கொள்ள இரு புறமும் தற்காலிகக் கம்பிகள். அமைப்பு இவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருந்தால் ஒருவரே நிதானமாக ஏற்றி இறக்கலாம். பொருந்தவில்லை என்றால் பாதி வழியில் பாய்மரம் ஒரு பக்கம் சரியும். அல்லது கம்பி விறைத்துக்கொண்டு மேலே வர மறுக்கும். அல்லது முழுவதும் நிமிர்ந்த பிறகும் அதன் அடிப்பகுதி தட்டில் உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், கம்பியை இன்னும் இறுக்கு அல்லது பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தித் தள்ளச் சொல் என்பது. தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். இறுக்கினால் கீலின் காதுகள், அதாவது அச்சாணி நுழையும் துளையுள்ள இரு பக்கத் தகடுகள், வளையும். ஆளை நிறுத்தினால், எதுவாவது அறுந்துபோகும் நேரத்தில் பாய்மரம் விழும் இடத்தில் அவர் இருப்பார். கம்பி எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைவிட, அதன் கீழ்முனை எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். அந்த இடத்தை அளந்து சரிசெய்வதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். கம்பிகளைப் பூட்டும் ஷேக்கிள், அவற்றை இறுக்கும் டர்ன்பக்கிள் போன்றவற்றை நீங்கள் கையாண்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

அச்சுக்கோடு

கீலின் அச்சாணி வழியாக இடமிருந்து வலமாக ஒரு நேர்கோட்டை மனத்தில் வரையுங்கள். அது படகின் இரு விளிம்புகளையும் தாண்டி வெளியே போகட்டும். பாய்மரம் சுழல்வது அந்தக் கோட்டைச் சுற்றித்தான். பக்கக் கம்பிகளின் கீழ்முனைகள் சரியாக அந்தக் கோட்டின் மேல் இருந்தால், பாய்மரம் படுத்திருந்தாலும் பாதியில் நின்றாலும் நிமிர்ந்தாலும் கம்பிக்குத் தேவைப்படும் நீளம் மாறாது. கதவின் மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு ஒழுங்காகச் சுழலாது அல்லவா, அதே நியாயம்தான் இங்கும்.

எவ்வளவு விலகினால் எவ்வளவு ஆட்டம் வரும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. பாய்மரத்தின் நீளத்தை விலகலால் பெருக்கி, கீலிலிருந்து கம்பியின் கீழ்முனை வரை உள்ள பக்கவாட்டுத் தூரத்தால் வகுத்துவிடுங்கள். பாய்மரம் 8 மீட்டர், பக்கவாட்டுத் தூரம் 1 மீட்டர், கீழ்முனை அச்சுக்கோட்டுக்கு 5 செ.மீ. கீழே இருக்கிறது என்று கொள்வோம். நிமிர்ந்த நிலையில் கம்பி சரியான இறுக்கத்தில் இருந்தால், படுத்த நிலையில் பாய்மரத்தின் உச்சி நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சுமார் 40 செ.மீ. நகர இடம் கிடைத்துவிடும். கம்பியைப் பாய்மரத்தில் எந்த உயரத்தில் கட்டினாலும் இந்த விடை ஏறக்குறைய மாறாது. ஆகவே மேல்முனையை ஏற்றியும் இறக்கியும் கட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விலகலை 1 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் ஆட்டம் 8 செ.மீ. ஆகிவிடும். நான் வைத்துக்கொள்ளும் எல்லை அதுதான்.

முதல் படி: எதையும் கழற்றாமல் கோளாறைப் படியுங்கள்

காற்றில்லாத நாளாகப் பாருங்கள். தலைக்கு மேல் மின்கம்பி எங்கும் இல்லாத இடமாக இருக்க வேண்டும். அலுமினியப் பாய்மரமும் எஃகுக் கம்பிகளும் மின்சாரத்தை நேராக உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடும். பாய்மரம் விழக்கூடிய பரப்பில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

மெதுவாக ஏற்றுங்கள். படுத்த நிலை, ஏறக்குறைய 45 பாகை, நிமிர்ந்த நிலை ஆகிய மூன்றிலும் நிறுத்தி, இரு பக்கக் கம்பிகளையும் விரலால் அழுத்திப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்காவது கம்பி விறைத்தால் அதற்குமேல் இழுக்காமல் இறக்கிவிட்டு, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். பாய்மரம் பின்னோக்கிப் படுக்கும் படகுகளுக்கு அந்தக் குறிப்பை இப்படிப் படிக்க வேண்டும்.

படுத்திருக்கும்போது தளர்ந்தும் நிமிர்ந்தால் இறுகியும் இருந்தால், கீழ்முனை அச்சுக்கோட்டுக்குக் கீழே அல்லது பின்னால் இருக்கிறது. நேர்மாறாக இருந்தால் மேலே அல்லது முன்னால் இருக்கிறது. கேபின் கூரையின் மேல் கீலும், அதைவிடத் தாழ்ந்த பக்கத் தளத்தில் செயின்பிளேட்டும் (நிரந்தரப் பக்கக் கம்பிகளைப் பூட்டும் தகடு) உள்ள படகுகளில் முதல் வகைதான் மிகுதி.

படுத்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் எல்லாம் சரியாக இருந்து, நடுவில் மட்டும் கம்பி விறைத்தால், கீழ்முனை முன்னாலும் கீழேயும் ஒருசேர விலகியிருக்கிறது. இதுதான் மிக ஆபத்தான வகை. 5 செ.மீ. முன்னாலும் 5 செ.மீ. கீழேயும் விலகி, கம்பி பாய்மரத்தில் 2.5 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தால், நடுவழியில் கம்பிக்குச் சுமார் 2 செ.மீ. கூடுதல் நீளம் தேவைப்படும். எஃகுக் கம்பி அவ்வளவு நீளாது. இழுத்துக்கொண்டே போனால் வேறு ஏதோ ஒன்று வளைந்துதான் வழிவிடும். நடுவில் மட்டும் தளர்ந்தால் பின்னாலும் மேலேயும் விலகியிருக்கிறது என்று பொருள்.

கீலே கோணலாக இருக்கும் நிலையும் உண்டு. பாய்மரம் படுத்திருக்கும்போது பின்பக்க நடுக்கோட்டை விட்டு ஒதுங்கியும், நிமிர்ந்ததும் நேராகவும் இருந்தால், மேலிருந்து பார்க்கையில் அச்சாணி படகின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இல்லை. படுத்தால் நேராகவும் நிமிர்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தால், அச்சாணியின் ஒரு முனை மற்றதைவிட உயர்ந்திருக்கிறது. நிரந்தரப் பக்கக் கம்பிகளைப் பூட்டியதும் அவை பாய்மரத்தை இழுத்து நேராக்கிவிடும். அதனால் இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியாமல் போய், பாய்மரத்தின் அடிப்பகுதி மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

காதுகளுக்கு நடுவே 10 செ.மீ. இடைவெளி உள்ள ஒரு கீலில் இரு துளைகளின் உயரம் 2 மி.மீ. வேறுபட்டாலே 8 மீட்டர் உச்சி 16 செ.மீ. விலகும்.

இரண்டாம் படி: அச்சுக்கோட்டைக் கண்ணுக்குத் தெரிய வையுங்கள்

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இந்தப் படிதான். மற்ற எல்லா வேலையும் இதன் துல்லியத்தை நம்பியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாய்மரத்தைக் கீலிலிருந்து கழற்றித் தனியாகக் கிடத்துங்கள். அச்சாணியை எடுத்து ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டுங்கள். நேராக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும்; வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை 'டக்' என்று எழும்பி விழும், அடியில் வெளிச்சமும் தெரியும். வளைந்த அச்சாணியைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள், புதிது போடுங்கள். காதுகளின் துளைகளை வெர்னியரால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் கீலையே மாற்றுவதுதான் நல்லது.

துளைகள் வழியாக ஒரு நூலைக் கட்டி இரு பக்கமும் இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. துளை 10 மி.மீ., நூல் அரை மி.மீ. என்றால், நூல் துளைக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 10 செ.மீ. இடைவெளியில் ஒரு துளையில் 1 மி.மீ. பிசகினால், 1 மீட்டர் தள்ளி அது 1 செ.மீ. ஆகிவிடும். நாம் அனுமதிக்கும் பிழை முழுவதும் அங்கேயே தீர்ந்துபோகும்.

அதனால் துளைக்குள் இறுக்கமாக நுழையும் நேரான எஃகுக் கம்பி ஒன்றை, அச்சாணியின் அதே விட்டத்தில், ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்தில் வாங்கி, இரு காதுகளின் வழியாகவும் நுழைத்து இரு பக்கமும் சமமாக நீட்டி வைக்கிறேன். கம்பி தன் எடையால் முனைகளில் தொய்யும். அதைத் தடுக்க முனைகளுக்கு அடியில் மரத்துண்டுகளை வைத்து, கண்ணால் பார்த்து நேராகும் வரை ஏற்ற வேண்டும். அவ்வளவு நீளக் கம்பி கிடைக்காவிட்டால், துளைக்குள் பொருந்தும் இரண்டு உருளை மரத்துண்டுகளின் சரி நடுவில் ஊசித்துளை போட்டு, அதன் வழியே தூண்டில் நரம்பைச் செலுத்தி விறைப்பாக இழுத்துக் கட்டலாம். பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் நீளம் மாறும்.

கம்பி ஒரு காதில் நுழைந்து மறு காதில் நுழைய மறுத்தால், காதுகளே வளைந்து துளைகள் நேர்கோட்டை விட்டு விலகியிருக்கின்றன. அப்போது மற்ற அளவுகளை எடுப்பதில் பயனில்லை. முதலில் கீல்.

இனி ரசமட்டத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். டிரெய்லரில் நிற்கும் படகு சமமாக நிற்பதில்லை. ரசமட்டம் பூமியோடு ஒப்பிடுகிறது, நமக்கு வேண்டியது படகோடு ஒப்பிடுவது. அளவு நாடாதான் சரியான கருவி. படகின் முன்முனையான அணியத்தின் நுனியில் முன்கம்பி பூட்டும் துளையிலிருந்து எஃகுக் கம்பியின் இரு முனைகளுக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். அணியம் கீலிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி இருந்து, கம்பி இரு பக்கமும் 1 மீட்டர் நீண்டிருந்தால், 1 பாகைக் கோணலுக்கு இரண்டு அளவுகளும் சுமார் 3 செ.மீ. வேறுபடும். வேறுபாடு அரை செ.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். பிறகு கம்பியின் இரு முனைகளிலிருந்தும் படகின் மேல்விளிம்பு வரை செங்குத்தாக அளந்தால் உயர வேறுபாடும் தெரிந்துவிடும். நாடாவின் கொக்கி ஆடும் இயல்புடையது என்பதால், நான் எப்போதும் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து பிறகு கழித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: அடித்தட்டைத் திருத்துதல்

அச்சாணி கோணலாக இருந்தால் மட்டுமே இந்தப் படி உங்களுக்குத் தேவை. தட்டின் போல்ட்களைத் தளர்த்தும் முன், அதைச் சுற்றியுள்ள மேல்தளத்தை ஸ்பேனரின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கெட்டியாகக் கேட்கும். நடுவே வைத்த பால்சா மரமோ பிளைவுட்டோ ஈரம் ஏறி மக்கியிருந்தால் சத்தம் மந்தமாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் மக்கி, தட்டு அந்தப் பக்கம் இறங்கியிருப்பதே பல படகுகளில் கோணலுக்கு உண்மையான காரணம். பாய்மரத்தின் எடை சிறிதுதான். ஆனால் காற்றில் ஓடும்போது கம்பிகளின் இழுவை முழுவதும் கீழ்நோக்கி இந்தத் தட்டின் மேல்தான் இறங்குகிறது.

மக்கிய பரப்பு பெரிதாக இருந்தால் இந்தக் கட்டுரை போதாது, உள்மரத்தை அகற்றி மாற்ற வேண்டும். சிறிய அளவில் போல்ட் துளையைச் சுற்றி மட்டும் என்றால், துளையைப் பெரிதாக்கி, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, நன்றாக உலரவிட்டு, பசைபோலக் கெட்டியாக்கிய எபாக்சிப் பிசினால் நிரப்பி, இறுகிய பின் சரியான விட்டத்தில் மறுபடி துளையிடுங்கள்.

தட்டைச் சமமாக்க வாஷர்களை அடியில் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது கூடாது. சுமை இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் விழுந்து மேல்தளம் நசுங்கும். முழுப் பரப்பும் தாங்க வேண்டும். தட்டின் அடிப்பரப்பில் மெழுகைப் பல முறை பூசித் தேய்த்துவிடுங்கள். மேல்தளத்தைச் சொரசொரப்பாக்கி, தேய்த்துச் சுத்தம் செய்து, கெட்டிப்படுத்திய எபாக்சியைப் பசைபோலப் பரப்புங்கள். தட்டை அதன்மேல் மெல்ல அமர்த்தி, நீண்ட எஃகுக் கம்பி காதுகளில் இருந்தபடியே, அளவுகள் இரு பக்கமும் ஒன்றாகும் வரை அழுத்திச் சரிசெய்யுங்கள். போல்ட்களைக் கையால் மட்டும் பிடித்து வையுங்கள், இறுக்காதீர்கள். எபாக்சி முழுதும் இறுகியதும் தட்டைப் பெயர்த்து எடுத்தால், அதற்கென்றே வார்த்த இருக்கை கீழே தயாராக இருக்கும்.

திரும்பப் பொருத்தும்போது நீர்க்காப்புக்கு பியூட்டில் நாடாதான் என் தேர்வு. கையாள எளிது, ஆண்டுகள் கழித்துக் கழற்றினாலும் சிரமம் தராது. சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது ஒட்டியிருந்த இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. உள்பக்கம் சிறு வாஷர்களுக்குப் பதில் அகலமான தாங்குதகடு வையுங்கள். அலுமினியத்தோடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொடும் இடங்களில் டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் பூசினால் உப்புநீரில் அலுமினியம் அரிக்கப்படுவது குறையும். ஸ்டெயின்லெஸ் நட்களை மின்சாரக் கருவியால் வேகமாகச் சுழற்றாதீர்கள், மரைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு அசையாமல் போய்விடும்.

நான்காம் படி: பக்கக் கம்பிகளின் கீழ்முனை

எஃகுக் கம்பி இன்னும் காதுகளில்தான் இருக்கிறது. அதன் முனை சுட்டும் இடமே பக்கக் கம்பியின் கீழ்முனை இருக்க வேண்டிய இடம். இதற்காகச் செயின்பிளேட்டை இடம் மாற்ற நினைக்காதீர்கள். அது படகு ஓடும்போது வரும் சுமைக்காக வைக்கப்பட்டது. ஏற்றி இறக்குவதற்குத் தனிப் பிடிமானம் செய்துகொள்வோம்.

மேல்தளத்தில் அந்த இடத்துக்கு நேர் கீழே உறுதியான பரப்பு இருந்தால், தாங்குதகட்டோடு ஒரு சிறிய தூணைப் பொருத்தி, அதன் உச்சியில் வளையம் வையுங்கள். வளையத்தின் துளை எஃகுக் கம்பியின் முனைக்கு நேராக வர வேண்டும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த முறை. ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம்.

துளையிட மனமில்லை என்றால் மிதக்கும் வளையம். முன்னால் ஒரு பிடிமானத்திலிருந்தும் பின்னால் ஒரு பிடிமானத்திலிருந்தும் இரண்டு குட்டைக் கம்பிகள் வந்து ஒரு வளையத்தில் சேரும். பாய்மரத்துக்குப் போகும் கம்பியும் அதே வளையத்திலிருந்து கிளம்பும். இரண்டு குட்டைக் கம்பிகளின் நீளத்தையும் கூட்டிக் குறைத்து, வளையத்தை அச்சுக்கோட்டுக்குக் கொண்டுவரலாம். இதற்குக் கம்பிக்குப் பதில், எளிதில் நீளாத டைனீமா கயிறு நல்லது, முடிச்சை நகர்த்தி அளவைப் பொருத்திக்கொள்ள எளிது. இரு பக்கமும் ஒரே உயரம், ஒரே தூரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிசகினால் பாய்மரம் ஏறும் வழியெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே வரும்.

ஐந்தாம் படி: தூக்குக்கழி

ஒற்றைக் குழாயாலான கழி பக்கவாட்டில் விழாமல் இருக்க, அதற்கும் இரு பக்கக் கம்பிகள் வேண்டும். அவற்றின் கீழ்முனைகளும் அதே வளையங்களில்தான் பூட்டப்பட வேண்டும். இரண்டு கால்கள் கொண்ட, ஆங்கில 'A' வடிவச் சட்டம் என்று சிலர் சொல்லும் முக்கோணச் சட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கால்களின் சுழல்புள்ளிகள் அச்சுக்கோட்டில் இருந்தால் போதும், சட்டம் தானே நேராக நிற்கும். இடம் இருந்தால் முக்கோணச் சட்டத்தையே பரிந்துரைப்பேன்.

கழியின் நீளத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 20 கிலோ எடையும் 8 மீட்டர் நீளமும் உள்ள பாய்மரம் படுத்திருக்கிறது, கழி செங்குத்தாக நிற்கிறது, அணியம் 2.5 மீட்டர் முன்னால் என்றால், 2 மீட்டர் கழிக்குத் தொடக்க இழுவை சுமார் 51 கிலோ. கழி 1 மீட்டராக இருந்தால் 86 கிலோ. 2 மீட்டர் கழியோடு நான்கு மடங்கு பலன் தரும் கப்பித்தொடர் வைத்தால் கைக்கு 13 கிலோவும் உராய்வும்தான்.

வின்ச்சைவிடக் கப்பித்தொடரை நான் விரும்புவது அதன் உணர்வுக்காக. எங்காவது ஒரு கம்பி மாட்டிக்கொண்டால் கயிறு உடனே கைக்குச் சொல்லிவிடும். வின்ச்சின் கைப்பிடி அதை மறைத்துவிடும், உடைந்த பிறகுதான் தெரியும்.

முதல் சோதனை

நிரந்தரப் பக்கக் கம்பிகளின் டர்ன்பக்கிள்கள் செயின்பிளேட்டில் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று, ஏற்றும்போது ஒவ்வோர் அடி உயர்வுக்கும் பாருங்கள். பாய்மரம் ஏறும்போது கம்பி தளர்ந்து, டர்ன்பக்கிள் மடிந்து விழுந்து, செயின்பிளேட்டின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் இழுத்தால் அதன் மரைத்தண்டு வளையும். இரு திசையிலும் மடங்கும் டாகிள் இணைப்பு வைத்தால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிமிர்ந்ததும் முன்கம்பியைப் பூட்டி, அதன் ஆணிக்குப் பாதுகாப்பு வளையத்தையும் போட்ட பிறகே கப்பித்தொடரைத் தளர்த்துங்கள்.

பின்சேர்க்கை

மிதக்கும் வளையத்தைச் செய்து பார்த்த ஒரு வாசகர், பாய்மரம் நிமிரும்போது எல்லாம் சரியாக இருந்தும் படுக்கும் நேரத்தில் மட்டும் ஆட்டம் திரும்ப வருகிறது என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது உண்மை. பாய்மரம் தாழும்போது கம்பி வளையத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. அப்போது சுமை முன் குட்டைக் கம்பிக்கே போய், பின்னது தளர்கிறது; வளையம் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே வளையத்தின் இடத்தை நிமிர்ந்த நிலையிலும் படுத்த நிலையிலும் தனித்தனியே சரிபாருங்கள். எஃகுக் கம்பி இப்போது கீலில் இருக்காது என்பதால், அச்சுக்கோட்டின் உயரத்தைக் கேபின் பக்கச் சுவரில் முன்பே பென்சிலால் குறித்து வைப்பது உதவும். இறக்கம் 1 செ.மீ.க்குமேல் இருந்தால் முன் பிடிமானத்தை இன்னும் உயரமான இடத்துக்கு மாற்றுங்கள், அல்லது வளையத்துக்கு அடியில் ஒரு முட்டுக்கழியை நிறுத்துங்கள்.

இன்னொருவர், தன் படகில் அச்சுக்கோடு சரியாக இருந்தும் பாய்மரம் கடைசி சில பாகைகளில் நின்றுவிடுகிறது என்றார். அவருடைய படகில் பின்கம்பி சுக்கானின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏற்றத் தொடங்கும் முன் பின்கம்பியை எடுத்துப் படகின் பின்விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுவிடுங்கள்.